ஸ்கீ பூட் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம்? முதல்முறை பனிமலைக்குப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள சப்போரோவுக்கு நேரடி விமானம் உண்டு. அதே தீவின் பனிமலை ஊரான நிசெக்கோவின் பெரிய சறுக்குத் தளங்களில் ஒன்றான நிசெக்கோ வில்லேஜ் 2010 முதல் நம் மலேசியாவின் ஒய்டிஎல் குழுமத்தின் கையில் இருக்கிறது. சீனப் பெருநாள் விடுமுறையிலும் ஆண்டிறுதியிலும் ஹொக்கைடோவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என்னைச் சுற்றியே நிறைய பேர். கிளம்புமுன் அவர்கள் கேட்பதெல்லாம் ஜாக்கெட் எங்கே வாங்கலாம், கையுறை எத்தனை அடுக்கு வேண்டும் என்பதுதான். காலணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாடகைக் கடையில் கொடுப்பதை மாட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வாடகைக்கு எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ளும் வேகத்தை மற்ற எதையும்விட அதிகமாக முடிவு செய்வது அந்தக் காலணிதான். அதிலும் அதன் விறைப்பு. நம்மைப் போல வெயில் நாட்டிலிருந்து போகிறவர்களை இந்த விஷயம் இரண்டு இடத்தில் ஏமாற்றும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விறைப்பு என்ன செய்கிறது

ஸ்கீ பூட் இரண்டு பகுதிகளால் ஆனது. வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தென்ற லைனர். ஓட்டின் மேல்பாதி கணுக்காலையும் கெண்டைக்காலையும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் இருக்கும் நாக்கு உங்கள் முன்னங்கால் எலும்பின்மேல் படிந்திருக்கும். நீங்கள் கணுக்காலை மடக்கி முன்னால் அழுத்தும்போது அந்த நாக்கு எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதைத்தான் ஃபிளெக்ஸ் என்கிறார்கள். எண் கூடினால் விறைப்பு கூடும்.

அந்த அழுத்தம் ஏன் முக்கியம்? காலணிக்கு அடியில் மாட்டும் நீளமான சறுக்குப் பலகைதான் ஸ்கீ. அது திரும்புவதற்கு அதன் முன்பாதி பனியில் பதிய வேண்டும். முன்னங்காலால் நாக்கை அழுத்தினால் அந்த விசை காலணி வழியாக, காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் வழியாக ஸ்கீயின் முன்பகுதிக்குப் போகிறது. முனை பனியைக் கவ்வுகிறது, திருப்பம் தொடங்குகிறது. அழுத்தம் பின்னால் போய்விட்டால் முனை மிதக்கும். நீங்கள் எவ்வளவு திருகினாலும் ஸ்கீ நேராகத்தான் ஓடும். புதியவர்கள் கட்டுப்பாட்டை இழந்து வேகமெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, விறைப்பு அளவுக்கு மீறினால் என்ன ஆகும்? கணுக்கால் மடங்காது. கணுக்கால் மடங்காதபோது உடம்பு வேறு எங்காவது மடங்கத்தான் பார்க்கும். முட்டி மடங்கும், இடுப்பு பின்னால் போகும், தோள் மட்டும் முன்னால் குனியும். பார்ப்பதற்கு முன்னால் சாய்ந்திருப்பது போலத் தெரிந்தாலும் எடை முழுக்கக் குதிகாலில் இருக்கும். தொடை எரியும். பயிற்சியாளர் "முன்னால் வாருங்கள், முன்னால் வாருங்கள்" என்று கத்திக்கொண்டே இருப்பார்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அக்கா மகளுக்கு இதுதான் நடந்தது. மெலிந்த உடம்பு, ஆனால் பூப்பந்து நன்றாக ஆடுவாள். வாடகைக் கடையில் "ஸ்போர்ட்ஸ் எல்லாம் ஆடுவேன்" என்று சொன்னதும் அவளுக்கு 110 ஃபிளெக்ஸ் உள்ள ஆண்கள் காலணியைக் கொடுத்துவிட்டார்கள். காலை முழுக்க முதுகில் விழுந்துகொண்டே இருந்தாள். "மாமா, எவ்வளவு தள்ளினாலும் இது அசையவே மாட்டேங்குது" என்றாள். மதியம் 70 ஃபிளெக்ஸ் காலணிக்கு மாற்றிக் கொடுத்தோம். அவளுடைய திறமை ஒரு மணி நேரத்தில் கூடிவிடவில்லை. கணுக்காலுக்கு மடங்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் திருப்பங்களைக் கோர்த்து இறங்கினாள்.

மறுபக்கமும் உண்டு. காலணி அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால், நீங்கள் அழுத்தும்போது நாக்கு தாங்காமல் மடிந்துவிடும். அழுத்தம் ஸ்கீக்குப் போவதற்கு முன்பே காலணியில் கரைந்துவிடும். திருப்பம் தாமதமாகத் தொடங்கும். இறுகிய பனியில் விளிம்பு கவ்வாது. வேகம் கூடினால் ஸ்கீ நடுங்கும், கனமானவர்களுக்கு முன்னால் கவிழ்வது போன்ற உணர்வு வரும். 95 கிலோ எடையுள்ள ஒருவர் புதியவர் என்பதற்காக அவருக்கு 60 ஃபிளெக்ஸைக் கொடுத்தால் அவரும் கற்றுக்கொள்ள முடியாது.

நல்ல காலணி இரண்டுக்கும் நடுவில் இருக்கும். மெல்ல அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இன்னும் அழுத்தினால் எதிர்ப்பு படிப்படியாகக் கூடும். திடீரென்று சுவரில் முட்டியது போல நிற்காது.

எண்ணை எவ்வளவு நம்பலாம்

பெரியவர்களுக்கான காலணிகளில் 60 முதல் 130 வரை எண்கள் அச்சிட்டிருக்கும். பந்தயக் காலணிகளில் அதற்கும் மேலே போகும். இந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி போட்டுக்கொள்கிறது. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 90 போல இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். ஆகவே எண் ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. இது முதல் ஏமாற்று.

இரண்டாவது ஏமாற்று, வெப்பநிலை. பெரும்பாலான ஓடுகள் பாலியூரித்தேன் அல்லது அதைவிட மலிவான பிளாஸ்டிக் வகைகளால் ஆனவை. இவை குளிரில் இறுகும். கேமரன் மலைக்குக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் காலையில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் உறைவதில்லை என்றாலும் அதே திசையில்தான் போகிறது. கோலாலம்பூரில் நண்பரிடம் இரவல் வாங்கி 30 டிகிரி சூட்டில் போட்டுப் பார்க்கும்போது "ஆகா, நன்றாக மடங்குகிறதே" என்று தோன்றும் காலணி, ஜனவரி மாத நிசெக்கோவில் மைனஸ் 5, மைனஸ் 10 டிகிரியில் வேறு காலணி ஆகிவிடும். வாடகைக் கடையின் ஹீட்டர் போட்ட அறையிலும் இதே கதைதான். கிரிலமிட், பெபாக்ஸ் போன்ற விலை கூடிய பிளாஸ்டிக் வகைகள் குளிருக்கு அவ்வளவாக மாறுவதில்லை, ஆனால் வாடகைக் காலணிகளில் அவற்றைப் பார்ப்பது அரிது.

இதிலிருந்து ஒரு நேரடி முடிவு: சூடான அறையிலேயே மடக்கக் கஷ்டமாக இருக்கும் காலணியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். அறையில் கொஞ்சம் மென்மை என்று தோன்றுவது வெளியே சரியாக இருக்கும்.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

முதலில் பாதத்தை அளந்துகொள்ளுங்கள். சுவரில் குதிகால் ஒட்டும்படி காகிதத்தின்மேல் நின்று, மிக நீண்ட விரலின் நுனியைக் குறித்து, சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டு பாதங்களையும், எடை முழுக்கப் பாதத்தில் இருக்கும்படி. ஸ்கீ பூட்டின் மாண்டோபாயிண்ட் அளவு இந்தச் சென்டிமீட்டர்தான். 26.5 சென்டிமீட்டர் என்றால் 26.5. நம் ஊர்க் கடைகளில் பழகிய யூகே அளவை மனத்தில் வைத்துக்கொண்டு அட்டவணையில் மாற்றிப் பார்க்காதீர்கள், அங்கேதான் பெரும்பாலானவர்கள் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். பெரிய காலணியில் விறைப்பைப் பற்றிப் பேசவே முடியாது. கால் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தால் எந்த ஃபிளெக்ஸும் ஸ்கீயைப் போய்ச் சேராது.

அடுத்து கணுக்கால். வெறுங்காலோடு சுவருக்கு எதிரே நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குதிகாலைத் தரையிலிருந்து தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? முடிந்தால் உங்கள் கணுக்கால் நன்றாக மடங்குகிறது. தூரத்தைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் தொட முடிகிறது என்றால் உங்களுக்கு மடங்கும் அளவு குறைவு. அப்படிப்பட்டவர்கள் விறைப்பான காலணியில் ரொம்பச் சிரமப்படுவார்கள். குதிகாலுக்கு அடியில் சிறிய ஆப்பு வைத்து உயர்த்தினால் கொஞ்சம் சரியாகும். இதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே கணுக்காலையும் தொடையையும் தயார் செய்யத் தொடங்கலாம். பத்துமலையின் 272 படிகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சறுக்கலுக்கு நெருக்கமான பயிற்சி. மெதுவாக, முட்டி பாதத்தின் நேர்மேலே வரும்படி இறங்குங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்குக் கொடிமலை நடைபாதை இருக்கிறது.

எந்த எண்ணில் தொடங்குவது

புதிதாகக் கற்கும் ஆண்களுக்கு 70 முதல் 90, பெண்களுக்கு 60 முதல் 80. இது சராசரி உடம்புக்கான கணக்கு. இதை எடையாலும் உயரத்தாலும் திருத்திக்கொள்ள வேண்டும். உயரமானவரின் கால் நீளமான நெம்புகோல், எனவே அவர் அதே காலணியை எளிதாக மடக்கிவிடுவார். 90 கிலோவுக்கு மேல் என்றால் புதியவராக இருந்தாலும் 100 பக்கம் போகலாம். 50 கிலோவுக்குக் கீழே என்றால் நன்றாகச் சறுக்கத் தெரிந்த பிறகும் 90 போதும்.

பெண்களுக்குப் பொதுவாகக் கெண்டைக்கால் தசை சற்றுத் தாழ்வாக இருக்கும். அதனால் பெண்கள் காலணியின் மேல்பகுதி குட்டையாக, வாய் அகலமாக இருக்கும். உயரமான ஆண்கள் காலணியைப் போட்டால் அந்தத் தசை பின்னாலிருந்து தள்ளி, காலை அளவுக்கு மீறி முன்னால் சாய்த்துவிடும்.

பிள்ளைகளுக்கு எண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கிடைப்பதிலேயே மென்மையானது, சரியான நீளத்தில். "வளருகிற பிள்ளை, அடுத்த வருடமும் போடட்டும்" என்று பெரிதாக எடுப்பது மட்டும் கூடாது.

சிலர் "கொஞ்சம் விறைப்பாகவே எடுத்துவிட்டால் சீக்கிரம் முன்னேறலாமே" என்பார்கள். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப்பும், 2022 பெய்ஜிங்கில் அருவின் சலேஹுதீனும் மலேசியாவுக்காக ஆல்பைன் என்னும் மலைச்சரிவு ஸ்கீ பந்தயத்தில் இறங்கியபோது நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது நல்ல விஷயம். ஆனால் பந்தயக்காரர்களுக்கு விறைப்பு தேவைப்படுவதற்குக் காரணம் அவர்களுடைய வேகமும், பனிக்கட்டி போல இறுகிய பந்தயத் தளமும். அந்த வேகத்தில் வரும் விசைதான் அவர்களுடைய காலணியை மடக்குகிறது. பயிற்சிச் சரிவில் மெதுவாக இறங்கும் நமக்கு அந்த விசையே வராது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது

மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒன்று மட்டும் போடுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் அதிகமாகக் குளிரும். தெர்மல் பேண்ட்டின் கீழ்முனையைக் காலணிக்கு மேலே இழுத்துவிட வேண்டும். அதன் மடிப்பு நாக்குக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டினால் மாலைக்குள் எலும்பு நொந்துவிடும்.

முடிந்தால் லைனரை வெளியே எடுத்து, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டுப் பாருங்கள். விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் 15 முதல் 20 மில்லிமீட்டர் இடம் இருந்தால் நீளம் சரி. அதாவது கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவு. வாடகைக் கடையில் கூட்ட நேரத்தில் இதற்கு முகம் சுளிப்பார்கள். முதல் நாள் மாலையே போய் எடுத்துக்கொண்டால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

லைனரை மறுபடி போட்டு, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டுங்கள். குதிகால் பின்மூலையில் போய் உட்கார வேண்டும். அப்புறம் கணுக்காலுக்கு நேராக இருக்கும் பக்கிளை முதலில் மாட்டி, மேல் பக்கிள்களுக்குப் போய், கடைசியாகப் பட்டையை இழுத்துக் கட்டுங்கள். விரல்பக்கம் இருக்கும் பக்கிள் சும்மா மாட்டியிருந்தால் போதும். அங்கே இறுக்குவதால் எந்தக் கட்டுப்பாடும் வராது, கால் மரத்துப்போவதுதான் மிச்சம்.

நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்சுவரைத் தொடும். "சின்னதா இருக்கு" என்று அப்போதே கழற்றிவிடாதீர்கள். முட்டியை முன்னால் தள்ளி அழுத்துங்கள். விரல்கள் பின்வாங்கினால் அளவு சரி. இதே நிலையில் விறைப்பையும் பார்த்துவிடலாம். இடுப்பை மடக்காமல், கணுக்காலால் மட்டும் அழுத்தி, முட்டியைப் பெருவிரலுக்கு நேர்மேலே கொண்டுவர முடிகிறதா? குதிகால் எழும்பாமல் இருக்கிறதா? முட்டி சுலபமாக விரலைத் தாண்டிப் போய்விட்டால் காலணி மென்மை கூடியது. குதிகால் எழும்பினால் பெரும்பாலும் அளவு பெரிது, அல்லது கணுக்கால் பக்கிள் தளர்ந்திருக்கிறது. எவ்வளவு தள்ளியும் முட்டி நகரவில்லை என்றால் அடுத்த மென்மையான காலணியைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

பைண்டிங்கைக் கடைக்காரர்தான் அமைப்பார். எடை, உயரம், வயது, எப்படிச் சறுக்குவீர்கள் என்பது, காலணி அடிப்பாகத்தின் நீளம் ஆகியவற்றை வைத்து, விழும்போது ஸ்கீ எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், திறமையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். காலின் பாதுகாப்பு இதில்தான் இருக்கிறது. நடுவில் காலணியை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி பார்த்துத் தரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிப்பாக நீளமும் வகையும் மாறியிருக்கலாம்.

மலையில்

காலணியை இரவில் காரிலோ வராந்தாவிலோ விடாதீர்கள். குளிர்ந்து இறுகிய ஓட்டுக்குள் கால் நுழையாது. அறைக்குள் வைத்து, அறைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். ஒரு முறை இறங்கிய பிறகு லைனர் அழுந்தி எல்லாம் கொஞ்சம் தளரும். அப்போது ஒரு பல் கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும். லிஃப்ட் வரிசையில் நிற்கும்போது மேல் பக்கிளைத் தளர்த்திக்கொள்வது நல்ல பழக்கம்.

சறுக்கும்போது மனத்தில் ஒன்றை மட்டும் வையுங்கள்: இரண்டு முன்னங்கால்களும் எப்போதும் நாக்கைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓயாமல் பலமாக அழுத்த வேண்டியதில்லை, தொடர்பு விட்டுப்போகாமல் இருந்தால் போதும். நாக்குக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் நீங்கள் பின்னால் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நாள் முடிவில் உடம்பு சொல்வதையும் கேளுங்கள். தொடை மட்டும் எரிந்தால் பின்னால் உட்கார்ந்து சறுக்கியிருக்கிறீர்கள், காலணி விறைப்பாக இருக்கலாம். முன்னெலும்பு நொந்தால் இரண்டு காரணம் உண்டு: பக்கிள் தளர்ந்து கால் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டது, அல்லது பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து நாக்கில் மோதியது. கெண்டைக்கால் பின்பக்கம் வலித்தால் காலணியின் பின்சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள். பாதத்தின் அடி பிடித்துக்கொண்டால் காலணி பெரிதாக இருந்து, விரல்களால் தரையைக் கவ்வப் பார்த்திருக்கிறீர்கள்.

காலணியை மாற்றாமல் விறைப்பைக் கொஞ்சம் மாற்றவும் வழி உண்டு. மேல் பக்கிளையும் பட்டையையும் ஒரு படி தளர்த்தினால் மென்மையாகும். பல மாடல்களில் பின்பக்கம் ஒரு திருகாணி இருக்கும், அதைக் கழற்றினாலோ திருப்பினாலோ எண் 10 அளவுக்கு இறங்கும். வாடகைக் காலணியில் அதைக் கடைக்காரரையே செய்யச் சொல்லுங்கள். மென்மையானதை விறைப்பாக்குவதுதான் கடினம்.

புதுப்பனி ஆழமாகக் கொட்டும் ஹொக்கைடோவில் சற்று மென்மையான காலணி குறையாகவே தெரியாது. மேடுபள்ளங்களை உள்வாங்கிக்கொள்ளவும் அதுதான் உதவும். சில நாள் பனி பொழியாமல் சரிவு இறுகிக் கிடக்கும்போதுதான் விறைப்பின் அருமை புரியும்.

சொந்தமாக வாங்கும்போது

ஓரிரு பயணம் வாடகையில் போன பிறகு, தொடர்ந்து போவோம் என்று தெரிந்தால், ஸ்கீக்கு முன்னால் காலணியை வாங்குங்கள். ஸ்கீயை எங்கும் வாடகைக்கு எடுக்கலாம், உங்கள் காலுக்குப் படிந்த காலணி வாடகைக்குக் கிடைக்காது. கோலாலம்பூரில் உட்கார்ந்து இணையத்தில் எண்ணைப் பார்த்து வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பாதத்தின் அகலம், மேல்வளைவு, கெண்டைக்கால் வடிவம் எல்லாம் பார்த்து, லைனரைச் சூடாக்கிக் காலுக்கு ஏற்ப வடிக்கும் கடைகள் சறுக்குமலை ஊர்களில் இருக்கின்றன. பயணத்தின் முதல் நாளே வாங்கினால், உறுத்தும் இடத்தை மறுநாள் போய்ச் சரிசெய்துகொள்ளலாம்.

அகலத்துக்கும் ஒரு எண் உண்டு. 98 மில்லிமீட்டர் குறுகல், 100 நடுத்தரம், 102க்கு மேல் அகலம். செருப்பிலேயே வளர்ந்த அகலப் பாதத்தை 98க்குள் திணித்தால் வலியில் பக்கிளைத் தளர்த்துவீர்கள். பக்கிள் தளர்ந்த பிறகு ஃபிளெக்ஸ் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஊருக்கு வந்ததும் லைனரை வெளியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காய வையுங்கள், வெயிலில் வேண்டாம். நம் ஈரப்பதத்தில் அப்படியே மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததும் உள்ளே போட்டு, ஓட்டின் வடிவம் கெடாமல் இருக்கப் பக்கிள்களை லேசாக மாட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். கார் பூட்டில் போட்டு மறந்துவிடக் கூடாது. பாலியூரித்தேன் வருடக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம். அடுத்த பயணத்துக்கு முன் ஓட்டில் விரிசல் இருக்கிறதா, அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த அடிப்பாகம் பைண்டிங்கில் சரியாக உட்காராது. சந்தேகம் இருந்தால் அங்கே போனதும் முதல் வேலையாகக் கடையில் காட்டிவிடுங்கள்.